கிளட்ச் அண்ணே பூட்டிய லோரி ஸ்டேரிங்

வண்டியைக் கிளப்பக் கிளட்ச் மிதிக்க வேண்டும் என்பது ஓட்டத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகராத வண்டிக்கும் கிளட்ச் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்ற மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் மலேசியாவில், ஈப்போவில் இருந்தார். அவரோடு ஒரு மாதம் குப்பை கொட்டும் பாக்கியம் எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்தது.

அவர் பெயர் கிளட்ச் அண்ணே. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அடையாள அட்டையில் அச்சாகியும் இருந்திருக்கும். ஆனால் அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவரைக் கிளட்ச் அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்ட காக்கிக் கால்சட்டை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திருப்புளி. கோலகங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் ரப்பர்ப் பால் லோரியில் இருந்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் ஈப்போவுக்கு வந்து, கண்ணில் பட்ட இயந்திரத்தையெல்லாம் பழுது பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கிளட்ச் பைத்தியம் வண்டியோடு நிற்கவில்லை. கோப்பிக் கடையில் யாராவது மின்விசிறியை ஒன்றிலிருந்து நேராக ஐந்துக்குத் திருப்பினால், "என்னா தம்பி, நடுவுல ரெண்டு மூணு நாலெல்லாம் செத்தா போச்சு? ஒண்ணுலருந்து நேரா அஞ்சுக்குத் தாவுனா அது தாங்குமாலா?" என்று எழுந்துபோய் மறுபடி ஒன்றில் வைத்து, ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டு வருவார். ஒரு கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறிய கார் கிளம்பும்போது எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் காரோடு ஓடி, "கிளட்ச்ச மெதுவா உடு, மெதுவா உடு!" என்று கத்தினார். மாப்பிள்ளையின் தம்பிதான் ஓட்டினான். பதறிப்போய்ச் சட்டென்று காலை எடுத்தான். கார் ஒரு குதி குதித்து நின்றது. பெண்ணின் நெற்றிச் சுட்டி மூக்குக்கு வந்துவிட்டது.

இனி என் கதை. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஈப்போவில் ஒரு முட்டைக் கடையில் வேன் ஓட்டினேன். வாரத்தில் மூன்று நாள் முட்டைத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கோலகங்சார், தைப்பிங் என்று ஒவ்வோர் ஊராக இறக்கிப் பாரிட் புந்தார் வரை போய்த் திரும்ப வேண்டும். ஒருநாள் பாரிட் புந்தாருக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் வயலாக இருக்கும் சாலையில், ஓர் உடும்பு குறுக்கே வந்தது. ஓடியிருந்தால் பரவாயில்லை. கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிற மாதிரி நிதானமாக வந்தது. நான் ஒடித்துத் திருப்பினேன். உடும்பு பிழைத்தது. நானும் வேனும் முட்டைகளும் வாய்க்காலுக்குள் போனோம்.

ஒரு விஷயம் அன்றுதான் தெரிந்துகொண்டேன். நல்ல முட்டை தண்ணீரில் மூழ்கிவிடும், கெட்டதுதான் மிதக்கும். என் தவுக்கே, அதாவது முதலாளி, வந்து பார்த்தபோது வாய்க்கால் முழுக்க மிதந்துகொண்டிருந்தவை அவர் நல்ல முட்டை என்று சொல்லி விற்றவைதான். அதனாலோ என்னவோ அவர் என்னை அதிகம் திட்டவில்லை.

சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் வேனுக்குள் தண்ணீர் நெஞ்சு வரை ஏறி, கதவு திறக்காமல், கண்ணாடி இறங்காமல் நான் கிடந்த அந்தச் சில நிமிஷங்களைப் பற்றிச் சிரிப்பாகச் சொல்ல இன்றும் எனக்கு வரவில்லை. வயலில் வேலை செய்த மலாய்க்காரர்கள் குதித்து வந்து இழுத்துப் போட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்டேரிங்கைத் தொட்டாலே இரண்டு கையும் நடுங்கின. கடை வாசலில் வேனை ஓரமாக நிறுத்தக்கூட என்னால் முடியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ஓட்டுவது. குனோங் ராபாட்டில் வாடகை வீடு. மனைவி சரசுவுக்கு ஐந்தாவது மாதம். தவுக்கே என்னை மேசைக்கு முன்னால் நிற்க வைத்துப் பேசினார். அவர் ஒரு தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்த சீனர். தமிழ் நன்றாகவே பேசுவார். மரியாதை மட்டும் அந்தத் தமிழில் கிடைக்காது.

"சீனப் பெருநா வரைக்கும் நான் பாக்குது. அதுக்குள்ள நீ ஓட்டு. இல்ல, வேற ஆளு ஓட்டும்."

"அது வரைக்கும், தவுக்கே?"

"மேல போ. கேம் கடையில உக்காரு."

முட்டைக் கடைக்கு மேல்மாடியில் அவருக்கே ஒரு விளையாட்டுக் கடை இருந்தது. காசு கொடுத்து வில்லை வாங்கிப் போட்டு விளையாடும் டிவி இயந்திரங்கள் பத்துப் பன்னிரண்டு, சுவரோரம் வரிசையாக நின்று கத்திக்கொண்டிருக்கும். ஒரு மாதத்துக்கு அங்கே வில்லை கொடுப்பது என் வேலை ஆயிற்று. இயந்திரங்களைப் பழுது பார்க்க வருபவர்தான் கிளட்ச் அண்ணே.

நான் மேலே போன மூன்றாவது நாள் பினாங்கிலிருந்து ஓர் இயந்திரம் வந்து இறங்கியது. கார் பந்தயம். திரையில் சாலை ஓடி வரும். நாம் ஓட்ட வேண்டும். தவுக்கே அதை மலிவாகப் பிடித்திருந்தார். ஏன் மலிவு என்பது கோணியை அவிழ்த்ததும் தெரிந்தது. ஸ்டேரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய ஓட்டை. கால் வைக்கிற இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள். பக்கத்தில் ஒரு கியர்க் கம்பு மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

கிளட்ச் அண்ணே குனிந்து கீழே பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"தவுக்கே, ரெண்டு ஓட்டதான் இருக்கு. மூணாவது ஓட்ட எங்க?"

"ரெண்டுதான். எண்ணெ மிதி, பிரேக்கு."

"அப்ப கிளட்ச்?"

"அய்யா, இது கேம் மிசின்லா. காடி இல்ல." வண்டியை எங்கள் ஊரில் காடி என்போம்.

"ஸ்டேரிங்கு இருக்கு, கியரு இருக்கு, பிரேக்கு இருக்கு. காடி இல்லாம அப்பறம் என்னா, வாழப்பழமா?"

தவுக்கே ஏதோ பதில் சொல்லக் கீழே போய் யோசித்துவிட்டு வருவதற்குள் மூன்றாவது ஓட்டை போட்டாகிவிட்டது.

மறுநாள் அவர் இரும்புக் கடையிலிருந்து ஸ்டேரிங் கொண்டுவந்தார். கார் ஸ்டேரிங் அல்ல, லோரி ஸ்டேரிங். எங்கள் வீட்டு முறத்தைவிடப் பெரியது. கையில் பிடிக்க முடியாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். "பஸ்ஸுல ரெண்டு ஸ்டேரிங் இருக்கக் கூடாதுன்னு டிரைவரு எறங்கச் சொல்லிட்டான்லா. நான் பின்னாடி சீட்டுலதான் உக்காருவேன், உனக்குப் போட்டியா வர மாட்டேன்னு சொன்ன பொறவுதான் உட்டான்" என்றார். எங்கே போனாலும் அவர் பஸ்ஸில்தான் போவார். ஏன் என்று கேட்டால், "இந்த ஊருக்காரனுங்க ஓட்டுற ரோட்டுல நானும் ஓட்டணுமா?" என்பார். இருபது வருஷம் லோரியில் இருந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஸ்டேரிங்கை எவ்வளவு திருப்பினோம் என்று இயந்திரத்துக்குச் சொல்ல உள்ளே ஒரு சின்னக் குமிழ் வேண்டும். ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிறோமே, அதே சாதிதான். அண்ணே ஒரு பழைய ரேடியோவிலிருந்து அதைப் பிடுங்கி, ஸ்டேரிங் தண்டின் நுனியில் நேராக மாட்டினார். தவுக்கேதான் முதலில் உட்கார்ந்தார். ஸ்டேரிங்கின் மேல் கையை வைத்தார், அவ்வளவுதான். திரையில் கார் பறந்துபோய்ப் புதருக்குள் வெடித்தது.

"நான் தும்மக்கூட இல்ல!" என்றார் தவுக்கே.

கோளாறு எனக்கே புரிந்தது. அந்தக் குமிழ் மொத்தமே முக்கால் சுற்றுத்தான் சுற்றும். லோரி ஸ்டேரிங்கோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூன்று சுற்று. விரல் பட்டாலே கார் சாலையை விட்டு ஓடாமல் என்ன செய்யும்? அண்ணே இரண்டு நாள் ஸ்டேரிங்கையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூன்றாவது நாள் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு மாடி ஏறினார். போகும்போது அதன் சட்டம் மட்டும் திரும்பிப் போயிற்று. பின்சக்கரத்தின் சின்னப் பல்சக்கரத்தை ஸ்டேரிங் தண்டில் மாட்டினார். மிதிக்கட்டையின் பெரிய பல்சக்கரத்தைக் குமிழில் மாட்டினார். இரண்டுக்கும் நடுவே சங்கிலி. இங்கே மூன்று சுற்று சுற்றினால் அங்கே முக்கால் சுற்று. கையை விட்டால் ஸ்டேரிங் தானாக நடுவுக்குத் திரும்ப, சைக்கிள் டியூபை நீளமாகக் கீறி இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார். "பாத்தீங்களா, நம்ம ரப்பரு எங்கெல்லாம் வேல செய்யுது" என்று அதைத் தட்டிக் கொடுத்தார்.

எண்ணெய் மிதிக்கு, அதாவது வேகம் கூட்டுகிற மிதிக்கு, பழைய கட்டில் ஸ்பிரிங். பிரேக் மிதிக்குக் கீழே வீட்டு வாசல் மணியின் பொத்தான். கிளட்ச்சுக்கு, ஐஸ்பெட்டிக் கதவைத் திறந்தால் விளக்கெரிய வைக்கும் பொத்தான். அதை வெறும் அலங்காரத்துக்கு வைக்க அவர் மனம் ஒப்பவில்லை. கிளட்ச் மிதிக்காமல் கியர்க் கம்பை அசைத்தால் இயந்திரத்துக்குப் போகிற மின்சாரமே நின்றுவிடும்படி கம்பி இழுத்துவிட்டார். திரை இருண்டுபோகும். போட்ட வில்லை போனது போனதுதான்.

எல்லாம் பூட்டி முடிந்த வெள்ளிக்கிழமை, பூசை போட்டே ஆக வேண்டும் என்றார். புது வண்டி எடுத்தால் நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவோம் இல்லையா? இயந்திரத்தின் நாலு மூலைக்கும் நாலு பழம் வைத்தார்.

"அண்ணே, இதுக்கு வீலு இல்லையே" என்றேன்.

"அதுக்குத்தான நாம இருக்கோம், தள்ளு."

நானும் அவரும் கீழிருந்து வந்த முட்டைக் கடை ஆட்கள் நாலு பேரும் மூச்சுப் பிடித்துத் தள்ளினோம். முன்பக்கத்து இரண்டு பழங்கள் ஒழுங்காக நசுங்கின. மூன்றாவது வழுக்கிக்கொண்டு பறந்து, கைகட்டி நின்ற தவுக்கேயின் முழங்காலில் பட்டது. நான்காவதன் சாறு ஓடித் தரையில் கிடந்த மின்சாரப் பலகைக்குள் இறங்கியது. டப்பென்று ஒரு சத்தம். மேல்மாடியும் கீழே முட்டைக் கடையும் ஒன்றாக அணைந்தன.

"பாத்தியா பவர!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் கிளட்ச் அண்ணே.

மின்சாரம் வந்தது; இயந்திரம் ஓடத் தொடங்கியது; கூடவே சண்டையும் தொடங்கியது. விளையாட வந்த பையன்கள் ஒருவருக்கும் கிளட்ச் என்றால் என்னவென்றே தெரியாது. உட்கார்வார்கள், கியரைத் தட்டுவார்கள், திரை இருண்டுபோகும். "அண்ணே, மிசினு ரோசாக்!" என்று, அதாவது கெட்டுப்போய்விட்டது என்று, என்னிடம் கத்துவார்கள். நான் பதில் சொல்வதற்குள் மூலையிலிருந்து அவர் குரல் வரும்: "ரோசாக் இல்ல. எஞ்சின் செத்துப்போச்சு. கிளட்ச் மிதிக்கல நீ."

அதைவிடக் கொடுமை இன்னொன்று. அந்த ஆட்டத்தில் கார் மோதினால் வெடித்துச் சிதறும். இரண்டு விநாடியில் புதுக் கார் வந்து அதே சாலையில் நிற்கும். இது அவருக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. "மோதிச் செத்தவன் மேல் துண்ட ஒதறிக்கிட்டு உடனே ஓட்டுறானே, இது என்னாலா பழக்கம்?" என்பார். மோதினால் இறங்க வேண்டும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எதுவும் உடையவில்லை என்று தெரிந்த பிறகுதான் மறுபடி ஏற வேண்டும் என்று சட்டம் போட்டார். பக்கத்திலேயே நின்று செய்யவும் வைத்தார். பையன்கள் இயந்திரத்தைச் சுற்றி வருவதற்குள் திரையில் நேரம் முடிந்துவிடும். ஒரு வாரத்தில் ஒரு பையனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது.

தவுக்கே மாடி ஏறி வந்து, அன்றே கிளட்ச்சைக் கழற்ற வேண்டும் என்று கத்தினார். கழற்றினால் கூடவே ஸ்டேரிங்கையும் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றார் இவர். அந்தச் சமயம் பார்த்துக் கீழே முட்டை ஏற்ற வந்த ஒரு லோரிக்காரர், என்ன சத்தம் என்று மேலே வந்தார். மூன்று மிதியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உட்கார்ந்தார். அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. மறுநாள் நாலு லோரிக்காரர்களைக் கூட்டி வந்தார். அப்புறம் பஸ் டிரைவர்கள், டாக்சிக்காரர்கள், ஒருநாள் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர்கூட வந்தார். நாளெல்லாம் ஓட்டிக் களைத்தவர்கள், இளைப்பாற எங்கள் கடைக்கு வந்து மறுபடி ஓட்டினார்கள். தவுக்கே கிளட்ச்சைப் பற்றி அதன்பின் பேசவே இல்லை.

கிளட்ச் அண்ணே மட்டும் அதில் உட்கார்ந்ததே இல்லை. "வாங்கண்ணே, ஒரு ரவுண்டு" என்று லோரிக்காரர்கள் கூப்பிட்டால், "கட்டுனவன் ஓட்டக் கூடாதுலா" என்று திருப்புளியோடு நழுவிவிடுவார்.

நானும் அதில் உட்காரவில்லை. வில்லை கொடுக்கிற மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு, அந்த லோரி ஸ்டேரிங்கைப் பாம்பைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் காலை, கடை திறப்பதற்கு முன்னால், தூசி துடைக்கிற சாக்கில் அதன் மேல் கையை வைத்தேன். பொம்மை வண்டிதானே, இதற்குமா என்று நினைத்தேன். இதற்கும்தான். விரல்கள் தனித்தனியாக ஆடின. திரும்பினால் கதவருகே கிளட்ச் அண்ணே நிற்கிறார்.

என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்து வந்து இயந்திரத்துக்கு இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார். ஒரு வில்லையை உள்ளே போட்டார். ஜன்னல் பக்கம் தலையை நீட்டுவது போல் நீட்டி, இல்லாத சாலையைப் பார்த்தார்.

"லெப்டு கிளியரு. போலாம்."

நான் உட்கார்ந்தேன். பத்து விநாடியில் மோதினேன்.

"எறங்கு. சுத்திப் பாரு. ஏறு."

இறங்கினேன், சுற்றினேன், ஏறினேன். மறுபடி மோதினேன். அன்று காலை அந்த இயந்திரத்தைப் பதினெட்டு முறை சுற்றினேன். கோயிலில்கூட அவ்வளவு சுற்றியதில்லை. அவர் எனக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையை இப்படி வை, மூச்சை அப்படி விடு என்று ஒரு வார்த்தை இல்லை. முந்தின நாள் சாப்பிட்ட நெத்திலிச் சம்பலைப் பற்றிப் பேசுவார். அவர் தங்கையின் மாமியாரைப் பற்றிப் பேசுவார். நடுநடுவே, "லெப்டுல ஒரு காடி, பாத்துப் போ" என்பார். திரையில் அப்படி ஒரு கார் இருக்காது. தினமும் காலையில் இதே கதைதான். இரண்டு வாரத்தில் நான் மோதாமல் ஒரு முழு ஆட்டம் ஓட்டினேன். கைகள் என் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருந்தன.

ஆனால் பெருநாள் நெருங்கிவிட்டது. முட்டைக்குக் கிராக்கி. ஒரு காலை தவுக்கே வேனில் தட்டுகளை ஏற்றி நிறுத்திவிட்டுச் சாவியை என் முன்னால் வைத்தார். "இன்னிக்கு பாரிட் புந்தார். ஓட்டுதா, ஓட்டலையா?"

நான் சாவியைத் தொடவில்லை. அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கிளட்ச் அண்ணே இறங்கி வந்தார். யாரையும் கேட்காமல் வேனின் இடது பக்கக் கதவைத் திறந்தார், ஏறினார், சாத்தினார்.

"லெப்டு கிளியரு. போலாம்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் ஏறியதால்தான் நான் சாவியை எடுத்தேன். பக்கத்தில் ஒரு பழுத்த லோரி டிரைவர் இருக்கிறார். எனக்கு முடியாமல் போனால் அவர் ஓட்டிவிடுவார். அந்தக் கணக்கில்தான் கிளம்பினேன். கோலகங்சாரில் இறக்கினோம். தைப்பிங்கில் இறக்கினோம். நடுக்கம் இருந்தது, ஆனால் ஓட்டினேன். வயல்கள் தொடங்கின. தூரத்தில் அந்த வாய்க்கால் வளைவு தெரிந்தது. அவ்வளவுதான். வேனை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டேன். கை, தோள், தாடை எல்லாம் ஆடின.

"அண்ணே, முடியாதுண்ணே. நீங்க ஓட்டுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார், பார்த்தார், மறுபடி உள்ளே வைத்தார்.

"ஓட்டுங்கண்ணே. நான் அந்தப் பக்கம் உக்காந்துக்குறேன்."

"எனக்கு ஓட்டத் தெரியாதுலா."

"என்னாண்ணே சொல்றீங்க?"

"தெரியாதுன்னா தெரியாது. லைசன்ஸ் இல்ல. நான் டிரைவரா இருந்தேன்னு எப்பவாச்சும் சொன்னேனா? பால் லோரியில கெலிண்டான்லா நானு."

கெலிண்டான் என்றால், லோரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து சாமான் ஏற்றி இறக்குகிற ஆள்.

"இருவது வருசமாவா?"

"இருவது வருசம் டிரைவரு காலயே பாத்துக்கிட்டு வந்தேன். அந்த மனுசன் கிளட்ச்ச ஒழுங்கா மிதிக்கவே மாட்டாரு. ஒவ்வொரு கியருக்கும் கர்ர்ருங்கும். எனக்குப் பல்லு கூசும். சொல்ல முடியுமா? அவரு டிரைவரு, நான் கெலிண்டான்."

"அப்பறம் எதுக்குண்ணே ஏறுனீங்க? கை நடுங்குற ஆளுன்னு தெரியும்ல? நான் பாதியில உட்டா நீங்க ஓட்டுவீங்கன்னு நம்பித்தான நான் கெளம்புனேன்!"

"நீ அப்பிடி நம்புவேன்னு தெரியும். நம்புனாத்தான் நீ கெளம்புவ. அதான் வாயத் தொறக்கல."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அந்த வாய்க்காலிலேயே தள்ளியிருப்பேன். கதவைத் திறந்து இறங்கினேன். திட்டிக்கொண்டே வேனைச் சுற்றி நடந்தேன். அவரும் இறங்கி, டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே என் பின்னால் வந்தார். ஒரு சுற்று முடியும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுரோட்டில், வெயிலில், முட்டையோடு, ஓட்டத் தெரியாத ஒருவரும் ஓட்டப் பயப்படுகிற ஒருவரும் வேனைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். என்னை விட்டால் ஓட்ட அங்கே ஆள் கிடையாது. ஏறினேன். அவரும் ஏறினார்.

நடுக்கம் நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள். நிற்கவில்லை. நடுங்குகிற கையோடுதான் அந்த வளைவைத் தாண்டினேன். தாண்டிய பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய இடது காலும் தரையை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

பாரிட் புந்தாரில் முட்டையை இறக்கிக் கோப்பி குடித்தோம். அவர் கோப்பைத் தட்டு கடகடவென்று ஆடியது. எனக்குப் பாவமாகிவிட்டது.

"அண்ணே, ஈப்போவுக்கு பஸ் இருக்கு. ஏத்தி உடட்டுமா? நான் தனியா வந்துருவேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். ஆசை முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

"வேணாம்லா. வெறும் வேனு, லேசா இருக்கும், நீ இன்னும் வேகமா போவ. யாராச்சும் பக்கத்துல வேணும்."

திரும்பும் வழியெல்லாம் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ரயில்வே கேட் ஒன்றில் நிறுத்தி எஞ்சினை அணைத்தபோதுதான் சரியாகக் காதில் விழுந்தது. பாட்டு இல்லை. "முருகா, முருகா, முருகா" என்று ஒரே வார்த்தைதான். கேட் திறந்து நான் சாவியைத் திருப்பியதும் முருகனைச் சற்று நிறுத்தி வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்து, தெளிவான குரலில் சொன்னார்: "லெப்டு கிளியரு."

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் நான் அந்த வேனை ஓட்டினேன். சரசுவுக்கும் பிறந்த மகளுக்கும் ஒரு வேளைச் சோறும் குறைந்ததில்லை. தைரியசாலிகள் பலர் எனக்கு உதவியிருக்கிறார்கள். அவர்களை எல்லாம் மரியாதையாக நினைத்துக்கொள்கிறேன். கிளட்ச் அண்ணே அவ்வளவு பயத்தோடும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர். அவரை நினைத்தால் மட்டும் கண் கலங்கிவிடுகிறது.